காளைக்கு விடாத பருவம்

தயாளா,

நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று உன் கடிதத்தின் முதல் வரியிலேயே தெரிந்துகொண்டேன். மீதி வரிகளைப் படித்த பிறகு நான் நல்லபடியாக இல்லை. உன் நைனா சத்தமாகப் படித்தார், நான் தவிடு கலந்துகொண்டே கேட்டேன். பாதியில் கையைக் கழுவிவிட்டு வந்து நானே வாங்கிப் படித்தேன். மண்டி முதலாளி ஏகாம்பரம் தன் மகள் கனகாவை உனக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அவர் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளையை ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் துடைப்பத்தால் அடித்தேன் அல்லவா, அதற்காகத் தெரு ஜனங்கள் முன்னால் கோயில் வாசலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் கல்யாணம், கேட்காவிட்டால் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். "ஒரு வார்த்தைதானே அம்மா, சொல்லிவிட்டால் முடிந்துபோயிற்று" என்று எழுதியிருக்கிறாய். மதராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினால் எல்லாம் ஒரு வார்த்தையாகத்தான் தெரியும்.

நீயும் அவளும் எப்போது பேசிக்கொண்டீர்கள், எந்தப் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு கிடைத்தது என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. வயதுப் பிள்ளைகள். ஆனால் அந்தத் துடைப்ப விஷயத்தில் உனக்குத் தெரிந்தது கால்வாசிகூட இல்லை. அப்போது நீ வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது தெருவில் யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "ஏம்மா இப்படிப் பண்ணே?" என்று கேட்டாய். நான் அன்றைக்கு இருந்த கோபத்தில், "சோத்தத் தின்னுட்டு பஸ்ஸப் புடி" என்று சொல்லிவிட்டேன். இப்போது முழுக்கச் சொல்கிறேன். கொஞ்சம் அசிங்கமான சமாச்சாரமெல்லாம் வரும். முகத்தைச் சுளிக்காதே. அந்தப் பாலில்தான் நீ படித்தாய்.

நம் செவலைப் பசுவை உனக்கு நினைவிருக்கும். முதல் ஈற்றில் நன்றாகப் பால் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு ஊற்றியதுபோக வீட்டுக்கும் மிஞ்சும். இரண்டாவது ஈற்றில்தான் வினை வந்தது. கன்று விழுந்தது, பின்னாலேயே வர வேண்டிய இளங்கொடி விழவில்லை. நம் பக்கம் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினால்தான் பால் ஊறும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது அல்லவா? பொழுது சாய்வதற்குள் கட்டியாக வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். பாதி தொங்கிக்கொண்டிருந்த கொடியில் ஒரு பழைய செருப்பைக் கட்டிவிட்டார்கள், கனத்தில் இழுத்துக்கொண்டு வரட்டும் என்று. வரவில்லை. பிறகு ஒருவர் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பிடித்து இழுத்தார். அறுந்து வந்ததை ஆலமரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் திருப்தியாகக் காப்பி குடித்தோம். உள்ளே நின்றுபோனதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு செவலை மூன்று முறை பருவத்துக்கு வந்து காளைக்குக் கத்தினாள். மூன்று முறையும் ஏகாம்பரத்தின் காளைதான். நம் தெருவில் வேறு காளையை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாமி காளை, மூக்கணாங்கயிறு கிடையாது, பஜாரில் எந்த மண்டியில் வேண்டுமானாலும் வாய் வைக்கும், எந்த மாட்டுக் கொட்டாயில் வேண்டுமானாலும் நுழையும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கனகாவுக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்து, பிழைக்க மாட்டாள் என்று இருந்தபோது, "இந்த உசுருக்கு அந்த உசுரு" என்று ஏகாம்பரம் ஒரு காளைக்கன்றைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டார். பெண் பிழைத்தாள். அதிலிருந்து அந்தக் காளை உடம்புக்கு ஒன்று என்றால் அவருக்குத் தூக்கம் வராது. காளை தும்மினால் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. பெற்றவன் பயம் எனக்கும் தெரியும்.

மூன்று முறையும் செவலைக்குச் செனை நிற்கவில்லை. வாலுக்குக் கீழே வெள்ளையாக, தயிர்த் திப்பி போல ஒழுகிக் காய்ந்திருந்தது. கிட்டே போனால் வாடை. "மலட்டு மாடு, வித்துடு" என்று தெருவே சொல்லிவிட்டது. சந்தைத் தரகர் வந்து விலாவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எதற்கு வாங்குகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. செவலை போனால் உன் படிப்பும் போகும். உன் நைனா மல்லாட்டைக் கடலை மண்டியில் மூட்டை எடை போட்டுக் கொண்டுவருவது அரிசிக்கும் பருப்புக்கும் சரியாகிவிடும். அந்த மண்டியும் ஏகாம்பரத்தின் மண்டிதான் என்பதை மறந்துவிடாதே. தரகரை அடுத்த சந்தைக்கு வரச் சொல்லிவிட்டு, நான் செவலையை ஓட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் தெற்கத்திப் பக்கத்து ஆள், இளவயது, மீசை இப்போதுதான் தடித்திருந்தது. இவர் என்ன பார்க்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தோள்வரை கையைச் சோப்பு போட்டுக்கொண்டு உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தவர், வெளியே வந்த சீழை என்னிடம் காட்டினார். "மாடு மலடு இல்லம்மா. கர்ப்பப்பையில புண்ணு. பழைய கொடி அழுகி இருந்துருக்கு. புண்ணு மேல வெத போட்டா எப்படி முளைக்கும்?" என்றார். அயோடின் தண்ணீரை நீளக் குழாய் வழியாக உள்ளே விட்டுக் கழுவினார். அது ஈயம் போல வெளுத்துத் திரும்பி வந்தது. பிறகு பென்சிலின் மருந்தை உள்ளே செலுத்தினார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார். செவலை முதுகை வளைத்துக்கொண்டு முனகுவாள், நான் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். திரும்பி வரும்போது நம் ஊர்க் கோட்டை ஓரமாக வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாடை குறைந்தது, எனக்கு நம்பிக்கை வந்தது.

கடைசி நாள் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். "இனிமே மாடு கத்தும்மா. ஆனா அந்தப் பருவத்துக்குக் காளைக்கு விடக் கூடாது. சும்மா போகட்டும். புண்ணு ஆற ஒரு பருவம் வேணும். அதுக்கடுத்த பருவத்துல வாங்க, சினை ஊசி போடுவோம்." கத்துகிற மாட்டைக் காளைக்கு விடாமல் கட்டி வைப்பதா? நம் தெருவில் யாரிடமாவது சொன்னால் கையைத் தட்டிச் சிரிப்பார்கள். பசித்த பிள்ளைக்குச் சோறு போடாதே என்பதுபோல இருக்கும் அவர்களுக்கு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒருநாள் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் செவலை கத்தியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் படல் திறந்து கிடக்கிறது, காளை கொட்டாயிலிருந்து வெளியே வருகிறது, உன் நைனா ஓரமாக நிற்கிறார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "மொதலாளி அந்தப் பக்கம் வந்தாரு. சாமி தேடி வந்து நிக்குது, நீ படல சாத்தினு நிக்கிறியான்னு கேட்டாரு. நான் இன்னா பண்ணுவன்?" என்றார். நான் அவரோடு சண்டை போடவில்லை. போட்டால் அழுதுவிடுவார், உனக்கே தெரியும். அடுத்த வாரமே திப்பி திரும்பவும் ஒழுகியது, வாடை முன்னைவிட அதிகம். டாக்டர் பார்த்துவிட்டுக் கோபமாக, "யாரும்மா காளைக்கு விட்டது?" என்றார். "காளையே வந்துடுச்சு சார்" என்றேன். புருஷனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

மறுபடியும் கழுவல், மறுபடியும் மருந்து. இந்த முறை டாக்டர் யோசித்துக்கொண்டே கேட்டார், "உங்க தெருவுல வேற மாடுங்க எப்படி?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதிர்வீட்டு மாடு இரண்டு வருஷமாகச் செனை நிற்கவில்லை. கோடி வீட்டு மாடு செனை பிடித்து, வயிறு தெரிவதற்கு முன்னாலேயே கலைந்துபோனது. அதெல்லாம் அந்தந்த மாட்டின் குறை என்று நினைத்திருந்தோம். "காளைய ஒரு தடவ பாக்கணும்மா. காளைக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, நல்லா திங்கும், நல்லா இருக்கும். ஆனா ஒரு மாட்டுல இருந்து இன்னொரு மாட்டுக்குச் சுமந்துட்டுப் போகும்" என்றார். தயாளா, நான் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள்ளேயே கறுவிக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷமாக எத்தனை பசுக்களை மலடு என்று சொல்லிச் சந்தைக்கு ஓட்டியிருக்கிறோம், ஒருவர்கூட அந்தக் காளைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லையே என்று. நம் ஊரில் குறை என்றால் அது எப்போதும் பெண்பால்தான்.

டாக்டர் மரியாதையாகத்தான் ஏகாம்பரத்திடம் போய்க் கேட்டார், காளையிடமிருந்து கழுவி எடுத்ததை மதராஸுக்குப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்க்கட்டுமா என்று. அன்று சாயங்காலமே ஏகாம்பரம் நம் வாசலில் வந்து நின்றார். தெருவே வேலையை விட்டுவிட்டு நின்றது. "எம் பொண்ணு உசுரு அந்த மாட்டு மேல இருக்குது. அதுக்கு நோவுன்னா எம் பொண்ணுக்கு நோவுன்னு அர்த்தம். அத உன் வாயால எப்படிம்மா சொன்ன?" என்று கேட்டார். அவர் குரல் உடைந்திருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "பொண்ணு நூறு வருசம் இருக்கட்டுங்க. நான் பொண்ணப் பத்திப் பேசல. எம் மாட்ட இந்தத் தடவ காளைக்கு விடமாட்டன், அவ்ளோதான்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு உன் நைனாவைப் பார்த்தார். "நாளைக்கி மண்டிக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் நைனா கொட்டாய் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்பதைத் தவிர.

அதற்குப் பிறகு செவலை கத்தும் நாளுக்காகப் பயந்துகொண்டு காத்திருந்தேன். மற்றவர்கள் மாடு எப்போது கத்தும் என்று ஆசையாகக் காத்திருப்பார்கள், நான் கத்தக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். கத்தாமல் இருந்தாலும் ஆபத்து, உள்ளே இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். ஒருநாள் காலையில் கழுநீர் வைக்கப் போனபோது காதை விறைத்துக்கொண்டு நின்றாள். வாலைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி ஒழுக்கு. ஒரு திப்பி இல்லை, வாடை இல்லை. "கண்ணாடி மாதிரி வந்தா நல்லாயிடுச்சுன்னு வச்சுக்கங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நிமிஷமே அவள் கழுத்தை நீட்டிக் கத்தினாள், என் சந்தோஷம் பறந்துபோயிற்று. அந்தச் சத்தம் பஜார் வரை கேட்டிருக்கும்.

உச்சி வெயில் நேரத்துக்குக் காளை வந்தது. படலை முட்டியது. நானும் நைனாவும் படலுக்குப் பின்னால் அடைப்பு வைத்திருந்தோம், கட்டிலையும் உரலையும் வைத்து. இரண்டாவது முட்டில் கட்டில் கால் முறிந்தது. தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒருவர் கையும் நீளவில்லை. கயிறில்லாத காளையை எங்கே பிடிப்பது, யார் பிடிப்பது? சாமி மாட்டின் மேல் கை வைக்கிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது? "வழி விட்டுடும்மா, சாமி ஆசப்பட்டு வருது" என்று ஒருவர் சொன்னார். படல் சாய்ந்தது. காளையின் தலை உள்ளே வந்துவிட்டது. என் கைக்குக் கிடைத்தது கொட்டாய் கூட்டுகிற துடைப்பம்தான். அதை எடுத்து மூஞ்சியிலேயே அடித்தேன். ஒரு அடி அல்ல. கை ஓயும்வரை அடித்தேன், வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே அடித்தேன். காளை மிரண்டு பின்வாங்கித் தெருவில் போய் நின்றது. அதன் நெற்றியிலிருந்த விபூதியும் குங்குமமும் துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. கோல் ஒன்று கையில் கிடைத்திருந்தால் கோலால் அடித்திருப்பேன், இவ்வளவு பேச்சு இருந்திருக்காது. ஆனால் அடிக்காமல் இருந்திருக்க மாட்டேன்.

காளை மறுபடியும் தலையைத் தாழ்த்தியது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். கனகா. பாவாடை தாவணி, பின்னல் பாதி போட்டபடி, வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். பயப்படாமல் நேராகக் காளையின் கிட்டே போய்த் தாடைக்குக் கீழே சொறிந்துகொடுத்தாள். கன்றாக இருந்தபோதிலிருந்து அவள் கையில் புண்ணாக்கு தின்று வளர்ந்த மாடு. அவ்வளவு பெரிய உடம்பு ஆட்டுக்குட்டி போல அடங்கி நின்றது. அதற்குள் ஏகாம்பரமும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "அத வீட்டுக்கு இட்டுனு போம்மா" என்றார். அவள் காளையின் கொம்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே, "வீட்டுக்கு இல்ல நைனா. ஆஸ்பத்திரிக்கு" என்றாள். "மாட்டுக்கு நோவுன்னா எனக்கு நோவுன்னு சொல்றியே. அப்ப நோவு இருக்குதா இல்லியான்னு பாக்க வேணாமா?"

அவள் நடந்தாள், காளை அவள் பின்னால் நடந்தது. பஜார் வழியாக, மளிகைக் கடை, துணிக்கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாவற்றையும் தாண்டி. கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து பார்த்தார்களாம். நான் படலைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்க முடியவில்லை, அது எனக்கு இன்றைக்கும் ஒரு குறைதான். டாக்டர் காளையிடமிருந்து எடுத்ததை மதராஸுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். அவர் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது. ஏகாம்பரம் நம்பவில்லை, ஆனாலும் மகளின் பேச்சைத் தட்ட முடியாமல் காளையைத் தன் மண்டிக்குப் பின்னால் கட்டிவைத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். காளையைக் கட்டிய கொஞ்ச நாளில் கனகாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு டைபாய்டு என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். தெருவில் ஒருவரும் என்னோடு பேசவில்லை, குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். "துடைப்பத்தால அடிச்சா, இப்ப அந்தப் பொண்ணு படுத்துனு கெடக்குது" என்று என் காதில் விழும்படியே சொன்னார்கள். ஏகாம்பரம் காளையை அவிழ்த்துவிட்டுவிட்டார். நான் ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன், உள்ளே விடவில்லை. அதெல்லாம் மூடநம்பிக்கை என்று நீ இன்றைக்குச் சொல்வாய். அன்றைக்கு நானே அதைப் பாதி நம்பினேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகியிருந்தால் நானும் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். இதை உன் நைனாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் செவலை மறுபடியும் கத்தினாள். டாக்டர் சொன்ன பருவம் இதுதான். காளை தெருவில் சுற்றுகிறது, அந்தப் பெண் படுக்கையில் கிடக்கிறாள். உன் நைனா கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "இப்ப வேணாம், அந்தப் பொண்ணு எழுந்து வரட்டும். இந்தப் பருவம் போனா போவுது" என்றார். அவர் சொன்னது மனுஷத்தன்மையான பேச்சுதான். ஆனால் சந்தைத் தரகரை இத்தனை நாள் தள்ளிப்போட்டாயிற்று, அடுத்த வாரம் மறுபடியும் வருகிறார். அதோடு, ஊசி போடாமல் விட்டால் தெரு சொன்னது உண்மை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். காளையைக் கும்பிட்டால் பெண் பிழைப்பாள் என்று ஆகிவிடும். பெண்ணைப் பிழைக்க வைக்க வேண்டியது ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்து. நான் செவலையை அவிழ்த்து, வாசற்படி ஏற்றி, நடு வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து கட்டித் தாழ்ப்பாள் போட்டேன். நைனாவை டாக்டரிடம் ஓட்டினேன். வெளியூரிலிருந்து ஐஸ் வைத்த பிளாஸ்கில் நல்ல காளையின் விந்து பஸ்ஸில் வர வேண்டும். வரும்வரை உன் செல்ஃபிலிருந்த புத்தகங்களை முகர்ந்துகொண்டு செவலை நடு வீட்டில் நின்றாள். அதில் ஒன்றைத் தின்றும்விட்டாள், எது என்று நீயே வந்து பார்த்துக்கொள். வெளியே கதவை இரண்டு முறை கொம்பு உரசியது. நான் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பின்வாசல் வழியாக வந்து, நம் கூடத்திலேயே ஊசி போட்டுவிட்டுப் போனார்.

கனகா பிழைத்தாள். இளைத்துத் துரும்பாக வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாகக் காளையை மறுபடியும் மண்டிக்குப் பின்னால் கட்டச் சொன்னாளாம். அதற்குப் பிறகு அது சாகும்வரை வெளியே வரவில்லை. போன வருஷம் அது செத்தபோது ஏகாம்பரம் மேளம் வைத்து அடக்கம் செய்தார், பிறகு ரொம்ப நாள்வரை பெண்ணை வாசல் தாண்ட விடவில்லை. பெண் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள், இருக்கிறாள். செவலை செனை நின்று கிடாரிக் கன்று போட்டாள். இளங்கொடி தானாக விழும்வரை யாரையும் கிட்டே விடவில்லை நான். எதிர்வீட்டுக்காரர்கள் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு விடியற்காலையில் மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். உன் நைனாவுக்கு ரைஸ்மில்லில் வேலை கிடைத்தது. தெரு ஜனங்கள் என்னோடு பேச ஆரம்பித்தார்கள், குழாயடியில் இடம் கொடுத்தார்கள். ஏகாம்பரம் மட்டும் பேசவில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். படித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிறகு நீ சின்னப் பிள்ளையில் ஏதாவது வேண்டுமென்றால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பாயே, அது ஞாபகம் வந்தது. போகட்டும், விழுந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நீ ஆசைப்படுகிறாய், அதற்காகத்தான். வெள்ளிக்கிழமை கட்டிக்கொள்ள ஒரு புடவைகூடத் துவைத்துக் காயப்போட்டேன். நைனா அந்தப் புடவையைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். தெருவில் முகம் காட்ட முடியாதே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது, அழுது தீர்த்தேன்.

நேற்று மத்தியானம் நான் பால் கறந்துகொண்டிருந்தேன். கொட்டாயில் யாரோ வந்து நிற்கிற நிழல். திரும்பிப் பார்த்தால் கனகா. அவள் நம் வீட்டுப் படலைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காயப்போட்டிருந்த புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரப் போறீங்களா அத்த?" என்றாள். ஆமாம் என்றேன்.

"எங்க நைனா கேட்டாரு, சரி. அவரு பயம் அவருக்கு. உங்க புள்ள ஏன் உங்கள வரச் சொல்லுது?"

"உனக்காகத்தாம்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச்சா அது?" என்றாள். நீ கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், அவள் என்ன நினைக்கிறாள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் கலங்கவில்லை. "நீங்க அடிச்சது தப்புன்னா, நான் அத ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனதும் தப்பு. அப்ப எனக்குக் காச்சல் வந்தது சாமி குத்தம். நான் பொழச்சது காளை போட்ட பிச்சை. அப்படி ஒரு பொண்ணா உங்க வீட்டுக்கு நான் வரமாட்டன் அத்த. நீங்க அங்க விழுந்தீங்கன்னா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்." பிறகு என் பக்கத்தில் குந்தி, நான் விட்ட இடத்திலிருந்து பாலைக் கறந்து முடித்துச் செம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

தயாளா, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நான் கோயில் வாசலில் விழுந்தால் உனக்கு மாமனார் கிடைப்பார், பெண் கிடைக்க மாட்டாள். விழாவிட்டால் அவள் அப்பனிடம் போய் நிற்க வேண்டியது நீதான். நானும் வர மாட்டேன், நைனாவையும் அனுப்ப மாட்டேன். எதிரில் உட்கார்ந்து, அந்தப் பெரிய மனுஷருடைய பயத்துக்கு மரியாதை கொடுத்து, அம்மா மன்னிப்புக் கேட்க மாட்டாள், முடியாது என்று நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேள். புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கோயில் வாசலில் விழவா, உன் கல்யாணத்துக்கா, எதற்குக் கட்டிக்கொள்ளட்டும் என்று எழுது.

உன் அம்மா